வெறுங்கொக்கியும் பதினெட்டு டன் கல்லும்

போன வாரம் மாரியப்பன் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் பிட்டராக இருந்துவிட்டு நான் இறங்கிய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான். இனிமேல் காகிதப் பதிவேடு கிடையாதாம். சிலேட்டு மாதிரி ஒரு கணினியைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். அதில் ஒவ்வொரு பாகத்தின் பெயருக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். விரலால் தொட்டால் பச்சையாக ஒரு டிக் விழும். ‘எப்படி இருக்கு அண்ணாச்சி? எதும் விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுங்க’ என்று கீழே எழுதியிருந்தான்.

மரியாதைக்குக் கேட்கிறான், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கலாம் என்றுதான் இருந்தேன். சும்மா இருக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ‘தூக்கும் பிரேக்’ என்று ஒரு வரி. எதிரே ஒரு கட்டம். அவ்வளவுதான். அந்த வரியில் முன்பு ஒரு கேள்வி இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான் மிச்சம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர், “நிலையாற்றலுக்கும் இயக்க ஆற்றலுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்குக் கிடைப்பது நிலையாற்றல், ஓட்டத்தால் கிடைப்பது இயக்க ஆற்றல், மலை உச்சியில் இருக்கும் கல்லும் உருண்டு வரும் கல்லும் எடுத்துக்காட்டு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தேறிவிட்டேன். ஆனால் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை. சும்மா கிடக்கிற கல்லுக்கு என்ன ஆற்றல்? தூக்கிக்கொண்டு போய் வைத்தவனுக்கு அல்லவா ஆற்றல்? முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உடைந்த அம்மிக்கல் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது. அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தச் சந்தேகம் செருப்புக்குள் மணல் மாதிரி என்னோடேயே இருந்தது.

முதல் வருஷம் ஒரு நாள் கிரேனின் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில் வேலை. மேல்சட்டைப் பையில் ஒரு நட்டு போட்டிருந்தேன். குனிந்தபோது அது நழுவி, தரைத்தகட்டின் இடைவெளி வழியாகக் கீழே போய்விட்டது. ‘டங்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், கிரேன் காலடியில் இருந்த ஒரு தகர டிரம்மின் மூடியில் குழி விழுந்திருந்தது. நட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காலையிலிருந்து என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த நட்டு அது. பையில் இருந்தபோது இதற்குள் இருந்தது எது, தகரத்தைக் குழித்தது எது என்று அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள், “ஏலே சுடலை, நட்டுகிட்ட என்னத்தலே வெசாரிக்க?” என்று சிரித்தார்கள். அந்த நட்டு இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இந்த மாதிரிக் கேள்விகளை வெளியே சொன்னால் கிறுக்கன் என்பார்கள் என்று இருபது வருஷம் உள்ளேயே வைத்திருந்தேன். கிரேஸ் மேடம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராம். எங்கள் பிரிவுக்கு இன்ஜினியராக வந்தபோது அவர்களுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. குள்ளமான உருவம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு பிரேக்டவுன் என்றால் மற்ற அதிகாரிகள் ‘யார் செஞ்சா, ஏன் செஞ்சே’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர்கள் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பார்கள். பிறகு இடது புறங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எதையோ கிறுக்கிக்கொள்வார்கள். கடைசியில் ஒரே கேள்வி: “எங்க போச்சு?” எண்ணெய் குறைந்திருந்தால், எண்ணெய் எங்கே போச்சு. போல்ட் தளர்ந்திருந்தால், இறுக்கிய இறுக்கம் எங்கே போச்சு. பதில் தெரியாவிட்டால் திட்டமாட்டார்கள். நமக்குத்தான் தூக்கம் வராது.

வந்த முதல் வாரமே என்னை மாட்டிவிட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரம். பழைய கிரேன்களில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த மெஷின் ரூமில் கம்பிச்சட்டங்கள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டி இருக்கும். கிரேன் ஓட ஓட அது சூடாகும். எங்கள் ஆட்கள் டிபன் பாக்ஸ்களை அதன் மூடிமேல் வரிசையாக வைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் ஈரச்சட்டையும் அங்கேதான் காயும். சட்டப்படி தப்புதான். மேடம் திடீரென்று ஏறி வந்து நிற்க, என் பாக்ஸ்தான் முதலில் இருந்தது. நான் திருதிருவென்று முழித்தேன்.

மேடம் டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள், கதவு வழியாகக் கீழே பார்த்தார்கள். ஒரு சரக்கு மூட்டை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, மேல தூக்கும்போது கரண்டு செலவாகுது. சரி. கீழ எறங்கும்போது அது தானாத்தான வரணும்? அம்புட்டு உயரத்துலேருந்து வேகமா வந்து விழ வேண்டியது, ஏன் இப்படி நிதானமா வருது?”

“மோட்டாரு புடிச்சு நிறுத்தி நிறுத்தி விடுது மேடம்.”

“அப்போ விழ வேண்டிய வேகம் எங்க போச்சு?”

மேடம் என் டிபன் பாக்ஸின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்கள்.

“இங்கதான் இருக்கு. பாதி உயரத்த நீங்க சோத்தோட சேத்துத் திங்கிறீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். மறுநாள் டிபன் பாக்ஸ்களை அங்கே வைக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவும் வந்தது. சிரிப்பு வேறு, உத்தரவு வேறு அவர்களுக்கு. எனக்கு அந்த உத்தரவு உறைக்கவே இல்லை. உயரம் என்பது காணாமல் போகாது, வேகமாக மாறும், விடாமல் பிடித்தால் சூடாக மாறும் என்பது அன்றைக்குத்தான் என் மண்டைக்குள் இறங்கியது. ஒரு வாரம் போவோர் வருவோரிடமெல்லாம் இதையே சொல்லி அறுத்தேன். வீட்டில் பெண்டாட்டி, “ஒமக்கு ரசம் சுடவைக்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லும்” என்றாள்.

இவ்வளவு புரிந்துகொண்டவன்தான் அந்தத் தப்பையும் செய்தேன்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தூக்கும் மோட்டாரின் தண்டில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இரண்டு கட்டைகள். கட்டைகளின் உள்பக்கம் உராய்வதற்கு லைனிங் என்ற பட்டை. கவ்வ வைப்பது ஒரு கனத்த ஸ்பிரிங். கரண்டு இருக்கும்போது அது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளிக் கட்டைகளை விலக்கும். கரண்டு போனால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். இருட்டடித்தாலும் சரக்கு அந்தரத்தில் நிற்பது இதனால்தான்.

புது லைனிங் போட்டால் அது உடனே உருளையில் முழுசாகப் படியாது. அங்கங்கே மேட்டில் மட்டும்தான் தொடும். முதலில் வெறுங்கொக்கி, பிறகு சின்ன எடை, பிறகு பாதி எடை, பிறகு முழு எடை என்று தூக்கித் தூக்கி நிறுத்தி, லைனிங் முழுக்க ஒரே மாதிரி மினுமினுப்பு வந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. கப்பல் காத்திருக்கும், கீழே நூறு பேர் வாட்சைப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வெறுங்கொக்கியை உயரே தூக்குவோம், நிறுத்துவோம், அசையாமல் நின்றால் பதிவேட்டில் ‘பிரேக் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். யாரும் இதை ஒளித்துச் செய்யவில்லை. அந்தக் கொக்கியே கப்பிகளோடு சேர்த்து அரை டன் வரும். அரை டன்னைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒன்றுமே தூக்கவில்லை என்று எவனுக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. அன்று காலை புது லைனிங் மாட்டி, வெறுங்கொக்கியைத் தூக்கிப் பார்த்து, ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

கப்பலில் கருங்கல் பாளங்கள் ஏறிக்கொண்டிருந்தன. காலையில் முதலில் மரக்கட்டைகளும் கம்பிக்கட்டுகளும்தான் ஏறின. பதினோரு மணிவாக்கில் முதல் பெரிய பாளம், பதினெட்டு டன். கிரேன் ஓட்டுவது லிங்கம், நல்ல கைகாரன். கல்லைத் தூக்கி, கரையிலிருந்து திருப்பி, கப்பல் சரக்கறையின் திறந்த வாய்க்கு நேர்மேலே கொண்டுபோய் இறக்கத் தொடங்கும்போது கப்பல்துறை முழுக்கக் கரண்டு போய்விட்டது. பிரேக் கவ்வியது. கல் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கப்பல் வாயின் விளிம்புக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் இருந்தது.

கீழே சரக்கறைக்குள் ஆறு பேர். குலுக்கலைப் பார்த்ததும் ஐந்து பேர் ஓரத்துக்கு ஓடிவிட்டார்கள். ஆறாவது ஆள் சேவியர். வேம்பார்க்காரன், முன்பு சங்கு குளித்தவன், பிறகு துறைமுகத்தில் சரக்கு வேலைக்கு வந்தவன். ஓடும்போது அவன் கால், சரக்குக்கு அடியில் பரப்பியிருந்த மரக்கட்டைகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. முந்தின நாளே இறக்கி வைத்திருந்த ஒரு சின்னப் பாளம் அந்தக் கட்டையை அழுத்திப் பூட்டிவிட்டது. கணுக்கால்வரை உள்ளே. இழுத்தால் வரவில்லை. நேர்மேலே கல்.

நான் கிரேன் காலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லிங்கம் கேபினிலிருந்து எட்டிப்பார்த்துக் கத்தினான்: “சுடல அண்ணாச்சி, சேவியரு அடியில மாட்டிக்கிட்டான். மேல போங்க, பிரேக்கப் பாருங்க.”

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாலு ஏணி ஏறி மெஷின் ரூமுக்குப் போனேன். அங்கே சத்தமே இல்லை. மோட்டார் நின்றிருந்தது, உருளையும் நின்றிருந்தது. நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் ஐ.டி.ஐ.யில் பழகிய பழக்கம், பையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து உருளையின் மேலும் கட்டையின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இரண்டாக உடைந்தது. உருளைமேல் இருந்த பாதி மெள்ள மெள்ள விலகிப் போனது.

பிரேக் வழுக்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள் கண்ணுக்குக் கல் அசையாமல்தான் நின்றது. அது நூல் நூலாக இறங்கிக்கொண்டிருப்பது எனக்கும் அந்தக் கோட்டுக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் நான் போட்ட கையெழுத்து கண்ணுக்குள் வந்து நின்றது. அப்போது இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி பேசியது. மேடம் கப்பல் தளத்துக்கு வந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, என்ன பாக்கீங்க?”

“மேடம், வழுக்குது.”

“எவ்வளவு?”

“இருவது எண்ணுறதுக்குள்ள உருளையில ஒரு சாண்.”

“கூடுதா, அப்படியே இருக்கா?”

இன்னொரு கோடு போட்டு எண்ணினேன். “கூடுது மேடம்.”

“ஏன் வழுக்குது?”

ஒரு நொடிதான். எண்ணெய் பட்டிருக்கும்போல என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணெய் என்றால் அவர்கள் வேறு வழி யோசிப்பார்கள், கீழே கிடப்பவன் சேவியர்.

“புது லைனிங் மேடம். காலையில மாட்டுனேன். சரியாப் படியல. வெறுங்கொக்கியத்தான் தூக்கிப் பாத்தேன்.”

“ஸ்பிரிங் நட்ட ரெண்டு சுத்து இறுக்குங்க. கோட்டப் பாத்துச் சொல்லுங்க. அந்த எடத்த விட்டு அசையாதீங்க” என்றார்கள்.

பெரிய ஸ்பேனரை மாட்டி என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். முதல் சுற்றில் கோடு நிதானமாயிற்று. இரண்டாவது சுற்றில் நின்றது. நூறு எண்ணினேன், நகரவில்லை. இந்த இரண்டு சுற்று பலத்தில்தான் பதினெட்டு டன் நிற்கிறது, இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது, அதையும் மேடத்திடம் சொன்னேன்.

கீழே நடந்ததை வாக்கி டாக்கியிலும் கதவு வழியாகவும்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் ரம்பத்தோடு இறங்கிக் கட்டையை அறுக்கிறோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். மேடம் விடவில்லை. கல்லுக்குக் கீழே ஒருத்தன் இருப்பது போதும், மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். சரக்கு மேஸ்திரி கோபத்தில், “அப்போ அவன் அங்கன கெடந்து சாவட்டுமா? தூக்க கரண்டு இல்ல, எறக்க முடியாது, வேற என்னதான் செய்யச் சொல்லுதிய?” என்று கத்தினார்.

“தூக்கவும் வேண்டாம், எறக்கவும் வேண்டாம். பக்கவாட்டுல கொண்டுபோவோம். ஒசரம் மாறாமப் போனா அதுக்கு பெரிய பலம் வேண்டாம், கயித்தக் கட்டி இழுத்தா வரும். இப்போ வந்த வழிதான, அதே வழியா கரைக்குத் திரும்பட்டும்.”

கிரேன் திரும்புவதை நிறுத்தும் பிரேக் லிங்கத்தின் காலடியில் இருக்கிறது. அது காலால் மிதிக்கும் எண்ணெய் பிரேக், கரண்டு தேவையில்லை. கல்லைத் திருப்பிப் பிடிப்பதற்காக ஏற்கெனவே இரண்டு கயிறு கட்டியிருந்தது. ஒன்றைக் கரைக்கு எறிந்தார்கள். கப்பல் தளத்தில் கூடியிருந்த பன்னிரண்டு பேரும் அந்தக் கயிற்றைப் பிடிக்கக் கரைப்பக்கம் ஓடினார்கள். மேடம் நிறுத்தினார்கள்.

“இழுக்க நாலு பேரு. மத்த எட்டுப் பேரும் இங்க வாங்க, பின் கயித்தப் புடிங்க.”

“இழுக்கதுக்குத்தான ஆளு வேணும்?” என்றார் மேஸ்திரி.

“இப்போ அது சும்மா நிக்குது, அதனால நம்ம பேச்சக் கேக்கும். ஓட ஆரம்பிச்சா கேக்காது. நாலு பேரு குடுத்த ஓட்டத்த நிறுத்த எட்டுப் பேரு வேணும்.”

ஐ.டி.ஐ. தேர்வாளர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன், மெஷின் ரூமில் ஸ்பேனரைக் கட்டிப் பிடித்தபடி.

லிங்கம் காலை எடுத்தான். நாலு பேர் இழுத்தார்கள். முதலில் கல் மட்டும் லேசாகச் சாய்ந்து வந்தது. கிரேன் அசையவில்லை. பிறகு கதவுக்கு வெளியே தெரிந்த கடல் மெதுவாக நகர ஆரம்பித்தது. உண்மையில் நகர்ந்தது நான். கடல் போனது, அடுத்த கப்பலின் மூக்கு வந்தது. கச்சான் காற்று வேறு எதிரே தள்ளியது. நான் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே யாரோ உற்சாகத்தில் “இன்னும் இழுலே” என்று குரல் கொடுக்க, நாலு பேரும் தம் கட்டி இழுத்துவிட்டார்கள். கிரேன் வேகம் பிடிப்பதை என் உள்ளங்காலே உணர்ந்தது.

“முன் கயித்த விடுங்க. பின் கயிறு, புடி. லிங்கம், ஒரேயடியா மிதிக்காதீங்க. தொட்டுத் தொட்டு விடுங்க.” மேடத்தின் குரல் அப்போதும் ஏறவில்லை.

எட்டுப் பேரும் தளத்தில் காலை ஊன்றிக் கயிற்றோடு இழுபட்டுப் போனார்கள். இரண்டு பேருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கல் கரைக்கு மேலே வந்து, தாண்டிக் கொஞ்சம் போய், திரும்பி வந்து நின்றது. பன்னிரண்டு பேரும் இழுத்திருந்தால் அது கிரேனின் காலில் போய் மோதியிருக்கும்.

கல் விலகியதும் ரம்பக்காரர்கள் ஏணியில் இறங்கினார்கள். எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கல்லைத் தரைக்கு இறக்க வேண்டும். கட்டைகளைக் கையால் விலக்கப் பிரேக்கில் ஒரு கைப்பிடி உண்டு, அதை ஒரு மயிரிழை தூக்கினால் உருளை சுற்றும், உடனே விட வேண்டும். ஒரு சுற்று, நிறுத்தம். ஒரு சுற்று, நிறுத்தம். பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் புறங்கையை உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். அனல் அடித்தால் காத்திருப்பேன். தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும், அதுவாகத்தான் ஆற வேண்டும். லைனிங் கருகும் வாடை அறை முழுக்க. கல் தரையில் உட்கார முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கீழே கட்டையை அறுத்து சேவியரை எடுத்துவிட்டார்கள்.

“பிரேக் கட்டையக் கழத்திக் கொண்டாங்க” என்றார்கள் மேடம்.

கழற்றினேன். லைனிங் முழுக்க ஒரே மினுமினுப்பு. காலையில் நான் செய்திருக்க வேண்டிய வேலை முடிந்திருந்தது. அதைச் சாக்குத் துணியில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு நாலு ஏணி இறங்கினேன்.

சேவியர் கரையில், கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்திருந்தான். கால் வீங்கியிருந்தது, தண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தான். எலும்பு முறியவில்லை. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. மேடம் பிரேக் கட்டையைப் புரட்டிப் பார்த்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு சேவியர் இருந்த பக்கம் பார்த்தார்கள்.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான்.

“கடலுக்கடியில மூச்சு முட்டக் கெடந்திருக்கேன்வே. அங்க பயம் கெடையாது. இங்க அண்ணாந்து பாத்தா கல்லு சும்மா நிக்கி. சும்மா நிக்கத பாக்கத்தான் பயமாக் கெடந்து.” பிறகு, “விழுந்திருந்தா நான் சட்னி. விழாம எறங்கிட்டு. விழ வேண்டிய அந்த வெசை எங்கவே போச்சு?” என்றான்.

மேடத்தின் அதே கேள்வி. துணியை விலக்கிக் கட்டையை அவன் மடியில் வைத்தேன். அவன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தான்.

“கதகதன்னு இருக்கே.”

“அதுதான். ஒம்மேல விழ வேண்டியது.”

அவன் கையை எடுக்கவில்லை. நான் அப்போதே சொல்லிவிட்டேன், தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். “சேவியரு, இந்த பிரேக்க காலையில மாட்டுனது நான். வெறுங்கொக்கியத் தூக்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதிட்டேன்.”

சேவியர் என்னைப் பார்த்தான். திட்டுவான், அடிப்பான் என்று இருந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்போ கனத்தோட மொத டெஸ்ட்டு எந்தலைக்கு மேலதானா?” என்றான்.

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கட்டையை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தான்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மேடம் கையெழுத்து. பதிலில் நடந்ததை அப்படியே எழுதினேன். ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது, நியாயம்தான். அதைவிட முக்கியமானது பதிவேட்டில் நடந்தது. ‘பிரேக்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் மேடம் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, தன் கையாலேயே புதுத் தலைப்பு எழுதினார்கள்: ‘எதைத் தூக்கிப் பார்த்தீர்கள்?’ அதை நிரப்பாமல் நன்று என்று எழுத முடியாது. முதல் பதிவு என்னுடையது. பதினெட்டு டன் கல் என்று எழுதினேன். ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பத்தியை நான் காலியாக விட்டதில்லை.

இப்போது அந்தப் பத்தியைத்தான் காணவில்லை. மாரியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “நல்ல யோசனதான் அண்ணாச்சி. ஆனா திரையில எடமில்லையாம். ஒரு வரிக்கு ஒரு கட்டம்தான்னு சொல்லுதாவ” என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. சேவியரின் நம்பரை அவனுக்கு அனுப்பினேன். ‘எடமில்லன்னு எனக்குச் சொல்லாத. இவன்கிட்டச் சொல்லு’ என்று கீழே எழுதினேன்.

நேற்று சாயங்காலம் சேவியர் கூப்பிட்டான். இப்போது வேம்பாரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான், மழைக்காலத்தில் அந்தக் கால் வலிக்குமாம்.

“மாரியப்பன்னு ஒருத்தன் ஆபீசுலருந்து பேசுனான்வே. கம்ப்யூட்டருல எடம் பத்தலங்கான். எங்கிட்ட எதுக்குச் சொல்லுதான்?”

“நீ என்ன சொன்ன?”

“எம்புட்டு எடம்டே வேணும்னு கேட்டேன். ஒரு விரக்கடை இருந்தாப் போதுமாம். அன்னைக்கு அந்தக் கட்டைக்கு நடுவுல என் காலு போன எடமே நாலு விரக்கடை, அதுலருந்து ஒண்ண எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.”

இன்று காலை மாரியப்பனிடமிருந்து இன்னொரு படம் வந்தது. பிரேக் வரிக்குக் கீழே ஒரு காலி இடம் புதிதாக இருந்தது. அதை நிரப்பினால்தான் டிக் விழுமாம்.